ஒரு டிவிடெண்ட், இரண்டு வரி

வெளிநாட்டு முதலீட்டில் வரும் வருமானத்துக்கு அந்த நாட்டில் பிடிக்கப்பட்ட வரியை, இந்தியாவில் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது எப்படி என்பதே இந்த உரையின் பொருள். சட்டம் இதை வெளிநாட்டு வரி வரவு என்கிறது. எந்த வரிக்கு, யாருக்கு இது கிடைக்கும்? எவ்வளவு கிடைக்கும்? எங்கே நின்றுபோகும்? இவையே மூன்று கேள்விகள்.

சென்னை ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் ஒரு மென்பொருள் ஊழியரை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கத் தாய்க் கம்பெனி அவருக்கு ஆண்டுதோறும் கொஞ்சம் பங்குகள் கொடுக்கிறது. பங்குகள் அமெரிக்கத் தரகு நிறுவனத்தின் கணக்கில் இருக்கின்றன. ஒரு நிதியாண்டில் அவற்றுக்கு 1,000 டாலர் டிவிடெண்ட் வருகிறது. ஆனால் கணக்கில் ஏறுவது 750 டாலர்தான். மீதி 250 டாலரை அமெரிக்க அரசு வாசலிலேயே பிடித்துக்கொள்கிறது. பணம் அங்கே பிறந்தது, ஆகவே அமெரிக்கா வரி கேட்கிறது. பணத்துக்கு உரியவர் இங்கே குடியிருக்கிறார், ஆகவே இந்தியாவும் வரி கேட்கிறது. இந்தியாவில் குடியிருப்பவருக்கு உலகில் எங்கே கிடைத்த வருமானமானாலும் இங்கே வரி உண்டு. இரண்டு அரசுகளுமே தங்கள் சட்டப்படிதான் கேட்கின்றன. இரண்டில் ஒன்றும் தவறு செய்யவில்லை. அப்படியானால் விட்டுக்கொடுக்க வேண்டியது யார்?

நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. முதல் உலகப் போர்ச் செலவுக்காக நாடுகள் வருமான வரியைத் தாறுமாறாக ஏற்றின. வெளிநாட்டில் தொழில் செய்தவர்கள் இரண்டு பக்கமும் கட்டித் தத்தளித்தார்கள். 1918-இல் அமெரிக்கா ஒரு வழி கண்டது. வெளிநாட்டில் கட்டிய வருமான வரியை, அமெரிக்காவுக்குக் கட்ட வேண்டிய வரியிலிருந்து அப்படியே கழித்துக்கொள்ளலாம் என்றது. கருவூலத்துக்கு ஆலோசகராக இருந்த தாமஸ் ஆடம்ஸ் என்ற பொருளியலாளர் இந்த யோசனைக்குப் பின்னால் நின்றவர். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. வெளிநாட்டு வரி அமெரிக்க வரியைவிட அதிகமாக இருந்தால், மிச்சம் அமெரிக்காவிலேயே சம்பாதித்த வருமானத்தின் வரியையும் தின்றுவிடும். இன்னொரு நாடு வரியை ஏற்றினால் அமெரிக்கக் கருவூலம் இளைக்கும் நிலை. அதனால் 1921-இல் உச்சவரம்பு வந்தது. வெளிநாட்டு வருமானத்தின் மீது உள்நாட்டில் எவ்வளவு வரி வருமோ, அதற்கு மேல் வரவு இல்லை. இன்றைய இந்தியச் சட்டத்தின் முதுகெலும்பும் அந்த உச்சவரம்புதான்.

இந்தியாவில் 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் இதற்கு இரண்டு வாசல்கள் உண்டு. பிரிவு 90, இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் உள்ள நாடுகளுக்கு. பிரிவு 91, ஒப்பந்தம் இல்லாத நாடுகளுக்கு. அமெரிக்காவுடன் இந்தியா 1989 செப்டம்பரில் ஒப்பந்தம் செய்தது. 1990 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே அமெரிக்க டிவிடெண்டுக்கு முதல் வாசல். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. 2025-26 நிதியாண்டு வரையிலான வருமானத்துக்குப் பழைய சட்டமே அளவுகோல் என்பதால், இந்த உரையில் வரும் எண்கள் எல்லாம் பழைய சட்டத்தின் எண்களே.

ஒப்பந்தம் இருக்கிறதென்றால் ஒரு நாடு ஒதுங்கிக்கொள்ள வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். ஒரு காலத்தில் அப்படித்தான் தீர்ப்பும் வந்தது. அந்த வழக்கின் வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது. மலேசியாவின் ஈப்போவில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒரு செட்டியார் நிறுவனம், தோட்ட வருமானத்துக்கும் சொத்தை விற்ற லாபத்துக்கும் இந்தியாவில் வரி கட்ட வேண்டுமா என்பது வழக்கு. சென்னையிலிருந்து டெல்லி வரை போன அந்த வழக்கில், 2004-இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மலேசியா வரி விதிக்கலாம் என்று ஒப்பந்தம் சொன்னால், இந்தியா விலகிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். மத்திய அரசு இதை ஏற்கவில்லை. பிரிவு 90-இல் புதிதாகச் சேர்க்கப்பட்ட உட்பிரிவு 3 தந்த அதிகாரத்தைக் கொண்டு, 2008 ஆகஸ்டில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அயல்நாடு வரி விதிக்கலாம் என்று ஒப்பந்தம் சொல்லும் வருமானமும் இந்திய வருமானக் கணக்கில் சேரும். இரட்டை வரிக்கான நிவாரணம் ஒப்பந்தம் சொல்லும் முறைப்படி வரவாகக் கிடைக்கும் என்றது. ஈப்போ வழக்கின் வழியில் முழு விலக்குக் கேட்ட காலம் அத்தோடு முடிந்தது. வருமானத்தை முதலில் காட்ட வேண்டும், வரவைப் பிறகு கேட்க வேண்டும்.

கேட்கும் முறையை விவரமாகச் சொல்வது வருமான வரி விதிகளில் விதி 128. 2016 ஜூனில் அறிவிக்கப்பட்டு 2017 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வரவுக்கான கொள்கை இருந்தது, வழிமுறை இல்லை. ஆடிட்டருக்கு ஆடிட்டர், அதிகாரிக்கு அதிகாரி கணக்கு வேறுபட்டது. விதி 128 அந்தக் குழப்பத்தில் பெரும்பகுதியைத் தீர்த்தது.

இனி முதல் கேள்வி. எந்த வரிக்கு வரவு உண்டு? ஒப்பந்தத்தில் சொல்லப்பட்ட வரிக்கு உண்டு. அமெரிக்க ஒப்பந்தத்தில் அது மத்திய அரசின் வருமான வரி. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களின் வரி அதில் இல்லை. ஆனாலும் மாநில வரிக்கு பிரிவு 91 வழியாக வரவு கேட்கலாம் என்று 2015-இல் விப்ரோ வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது. டிவிடெண்ட் மட்டும் வாங்கும் சென்னை முதலீட்டாளருக்கு மாநில வரி வருவதில்லை என்பதால் அந்தச் சண்டை பெரும்பாலும் கம்பெனிகளுக்கு உரியது.

யார் பெயரில் கட்டிய வரிக்கு வரவு? முதலீட்டாளர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. அமெரிக்கப் பங்குகளில் முதலீடு செய்யும் இந்திய மியூச்சுவல் ஃபண்ட் ஒன்றில் யூனிட் வைத்திருப்பவருக்கு வரவு உண்டா? இல்லை. அந்த டிவிடெண்டில் அமெரிக்கா பிடித்த வரி ஃபண்டின் பெயரில் பிடித்த வரி. யூனிட் வைத்திருப்பவர் பெயரில் ஒரு பைசாவும் பிடிக்கப்படவில்லை. அயர்லாந்தில் பதிவான இ.டி.எஃப். வாங்கியவருக்கும் இதே கதி. அமெரிக்கா அந்த ஃபண்டிடம் பிடித்த வரி ஃபண்டின் மதிப்பைக் குறைத்திருக்கும். முதலீட்டாளர் பையிலிருந்து போனதும் உண்மைதான். ஆனால் சட்டம் பையைப் பார்ப்பதில்லை, பெயரைப் பார்க்கிறது. அமெரிக்கக் கம்பெனி தன் லாபத்துக்குக் கட்டும் கார்ப்பரேட் வரியும் அப்படித்தான். அது கம்பெனியின் வரி, பங்குதாரரின் வரி அல்ல. வரவு கிடைப்பது டிவிடெண்ட் கொடுக்கும்போது பங்குதாரர் கணக்கில் நேரடியாகப் பிடித்த வரிக்கு மட்டுமே.

பங்கை விற்ற லாபம்? அமெரிக்காவில் குடியில்லாத வெளிநாட்டவர் பங்குச் சந்தையில் பங்கை விற்று எடுக்கும் லாபத்துக்குப் பொதுவாக அமெரிக்கா வரி விதிப்பதில்லை. இந்தியா விதிக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்து 2024 ஜூலை 23 அன்றோ அதற்குப் பிறகோ விற்றால் 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் அவரவர் ஸ்லாப். ஒரே இடத்தில் ஒரே வரி. அங்கே கட்டியது பூஜ்யம் என்றால் இங்கே கழிக்கவும் ஒன்றுமில்லை. எனவே சாதாரண முதலீட்டாளருக்கு இந்த முழு விவகாரமும் பெரும்பாலும் டிவிடெண்டைச் சுற்றியே சுழல்கிறது. டிவிடெண்டே கொடுக்காத பெர்க்ஷயர் ஹாத்வே போன்ற கம்பெனியின் பங்குதாரருக்கு இந்தத் தலைவலியே இல்லை.

அடுத்த கேள்வி, எவ்வளவு? இதற்கு இரண்டு உச்சவரம்புகள். ஒன்று ஒப்பந்தம் போடும் வரம்பு. மற்றது இந்திய வரி போடும் வரம்பு. இரண்டில் எது குறைவோ அதுவே வரவு.

முதலில் ஒப்பந்தத்தின் வரம்பு. அமெரிக்கச் சட்டப்படி வெளிநாட்டவரின் டிவிடெண்டில் 30 சதவீதம் பிடிக்க வேண்டும். இந்திய ஒப்பந்தத்தின் 10-ஆம் ஷரத்து இதைத் தனிநபருக்கு 25 சதவீதமாகக் குறைக்கிறது. தரகு நிறுவனத்திடம் டபிள்யூ-8பென் படிவம் கொடுத்து, இந்தியாவில் குடியிருப்பவர் என்று அறிவித்தால் 25. கொடுக்காமல் விட்டால் 30. ஒரு முறை கொடுத்தால் போதும் என்று நினைக்க முடியாது. கையெழுத்திட்ட ஆண்டையும் அடுத்த மூன்று காலண்டர் ஆண்டுகளையும் கடந்ததும் அது காலாவதியாகிவிடும். காலாவதியானது தெரியாமல் போனால் 1,000 டாலருக்கு 300 டாலர் போய்விடும். அந்தக் கூடுதல் 50 டாலருக்கு இந்தியாவில் வரவு உண்டா? விதி 128 தெளிவாகச் சொல்கிறது: ஒப்பந்தப்படி கட்ட வேண்டியதற்கு மேல் கட்டிய வரி கணக்கில் கொள்ளப்படாது. மிச்சத்தைக் கேட்க வேண்டிய இடம் அமெரிக்க வருவாய்த் துறை. அங்கே ரிட்டர்ன் தாக்கல் செய்து 50 டாலரைத் திரும்ப வாங்கும் செலவு 50 டாலரைத் தாண்டிவிடும் என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவில் இந்த இடைவெளி சிறியது. சுவிட்சர்லாந்தில் அது பள்ளத்தாக்கு. சுவிஸ் கம்பெனியின் பங்குக்கு டிவிடெண்ட் வந்தால் அந்த நாடு 35 சதவீதத்தைப் பிடிக்கிறது. இந்திய ஒப்பந்தம் அனுமதிப்பது 10 சதவீதம்தான். மீதி 25 சதவீதத்தை இந்திய ரிட்டர்னில் வரவு கேட்டால் கிடைக்காது. பெர்ன் நகரிலுள்ள சுவிஸ் வரித்துறைக்கு உரிய படிவத்தில், இந்தியாவில் குடியிருப்பவர் என்பதற்கான அத்தாட்சியோடு விண்ணப்பித்து, மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பக் கேட்க வேண்டும். நெஸ்லே பங்கு வாங்கும்போது சாக்லேட்டைப் பற்றி யோசிப்பவர்கள் உண்டு. இந்த 25 சதவீதத்தைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. மறுபுறம் சிங்கப்பூர்க் கம்பெனியின் டிவிடெண்டிலும் பிரிட்டிஷ் கம்பெனியின் சாதாரண டிவிடெண்டிலும் அந்த நாடுகள் எதையும் பிடிப்பதில்லை. அங்கிருந்து வருவது முழுதாக வருகிறது, இங்கே முழு வரியும் கட்ட வேண்டும்.

இரண்டாவது வரம்பு இந்திய வரி. பலருக்கு அதிர்ச்சி தருவதும் இதுதான், ஆகவே கணக்கைப் போட்டே பார்க்க வேண்டும். 25 சதவீதம் அமெரிக்காவில், 30 சதவீதம் இந்தியாவில், ஆகவே முழு 25-உம் கழிந்துவிடும், வித்தியாசமான 5-ஐ மட்டும் கட்டினால் போதும். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது. ஆனால் 30 சதவீத ஸ்லாபில் இருப்பவர் தன் வருமானம் முழுதுக்கும் 30 சதவீதமா கட்டுகிறார்? இல்லையே. முதல் 4 லட்சத்துக்கு எதுவும் இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம் என்று படிப்படியாக ஏறி, புதிய வரி முறையில் 24 லட்சத்துக்கு மேல்தான் 30. வெளிநாட்டு வருமானத்துக்கு உரிய இந்திய வரி எவ்வளவு என்று பிரிக்கும்போது, மொத்த வரியை மொத்த வருமானத்தால் வகுத்துக் கிடைக்கும் சராசரி வீதத்தைப் பயன்படுத்துவதே பரவலான நடைமுறை. உச்ச ஸ்லாபின் வீதத்தை அல்ல.

அந்த ஓ.எம்.ஆர். ஊழியருக்கு 2025-26 நிதியாண்டில் டிவிடெண்டையும் சேர்த்து வரிக்குரிய வருமானம் 30 லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். புதிய முறையில் 24 லட்சம் வரை வரி 3,00,000 ரூபாய். மேலே உள்ள 6 லட்சத்துக்கு 30 சதவீதம் 1,80,000. மொத்தம் 4,80,000. அதன் மீது 4 சதவீத செஸ் 19,200. ஆக 4,99,200 ரூபாய். 30 லட்சத்தால் வகுத்தால் சராசரி வீதம் 16.64 சதவீதம். டாலருக்கு 85 ரூபாய் என்று எளிமைக்காக எடுத்துக்கொண்டால், டிவிடெண்ட் 85,000 ரூபாய். அமெரிக்கா பிடித்தது 21,250 ரூபாய். அந்த 85,000 ரூபாய்க்குச் சராசரி வீதத்தில் இந்திய வரி 14,144 ரூபாய். இரண்டில் குறைவானது 14,144. கிடைக்கும் வரவும் அவ்வளவே. மீதி 7,106 ரூபாய் என்னாகும்? போய்விடும். திரும்பி வராது, அடுத்த ஆண்டுக்கும் போகாது. இந்தியச் சட்டத்தில் மிச்ச வரவை முன்னெடுத்துச் செல்ல வழி இல்லை.

சராசரி வீதம் 25 சதவீதத்தைத் தொடுவது எப்போது? புதிய முறையில் வருமானம் 50 லட்சத்தைத் தாண்டி, 10 சதவீத சர்சார்ஜும் சேர்ந்து, 52 லட்சத்தை நெருங்கும்போதுதான். அதற்குக் கீழே இருப்பவர் எல்லோரும் அமெரிக்க டிவிடெண்டில் ஒரு பகுதியை இரண்டு அரசுகளில் ஒன்றுக்குச் சும்மா கொடுக்கிறார்கள். வருமானம் குறையக் குறைய இழப்பு கூடுகிறது. ஏழைக்கு அதிகம் வலிக்கும் விதி என்று சொன்னால் மிகையில்லை.

அடிமட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். மதுரையில் ஓய்வுபெற்ற ஒரு வங்கி அதிகாரி. ஓய்வூதியம், டெபாசிட் வட்டி, அமெரிக்க டிவிடெண்ட் 85,000 எல்லாம் சேர்ந்து வருமானம் 11 லட்சம். ஸ்லாப் கணக்குப்படி வரி 50,000 ரூபாய் வந்தாலும், 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கான பிரிவு 87ஏ தள்ளுபடி அதை முழுதும் துடைத்துவிடுகிறது. வரி பூஜ்யம். ஆகவே வரவும் பூஜ்யம். அமெரிக்கா எடுத்த 21,250 ரூபாய் அமெரிக்காவுக்கே. இங்கே வரி இல்லை என்று அவர் மகிழலாம். ஆனால் இந்தியக் கம்பெனியிடமிருந்து இதே 85,000 வந்திருந்தால் பிடித்த டி.டி.எஸ். முழுதும் ரீஃபண்டாகத் திரும்பியிருக்கும். டி.டி.எஸ். என்பது இந்திய அரசு வாங்கி வைத்திருக்கும் பணம், திருப்பிக் கொடுக்கலாம். வாங்காத பணத்தை எந்த அரசு திருப்பிக் கொடுக்கும்?

பல ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்து அண்மையில் ஊர் திரும்பியவருக்கு வேறு நிலைமை. அவர் இங்கே குடியிருப்பவர் ஆகியும், சட்டக் கணக்கில் சாதாரணமாகக் குடியிருப்பவர் அல்லாதவர் என்ற நிலையில் சில ஆண்டுகள் இருக்கலாம். அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் அவர் கணக்கில் ஏறும் டிவிடெண்டுக்கு இந்தியா வரியே கேட்பதில்லை. வரி இல்லாத இடத்தில் வரவும் இல்லை.

வரவு ஒவ்வொரு நாட்டுக்கும், ஒவ்வொரு வகை வருமானத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது என்பதையும் விதி 128 சொல்கிறது. அமெரிக்க டிவிடெண்டில் வீணாகும் 7,106 ரூபாயை, வரியே பிடிக்காத சிங்கப்பூர் டிவிடெண்டுக்கு இங்கே கட்ட வேண்டிய வரியில் சரிக்கட்ட முடியாது. கிடைத்த வரவும் வரி, சர்சார்ஜ், செஸ் ஆகியவற்றுக்கு எதிராக மட்டுமே செல்லும். தாமத வட்டிக்கும் அபராதத்துக்கும் செல்லாது.

இனிக் கணக்கெழுதும் வேலை. இது சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் நோட்டீஸ்கள் பிறப்பது இங்கேதான். முதலில், காட்ட வேண்டிய வருமானம் 750 டாலரா, 1,000 டாலரா? 1,000 டாலர். கைக்கு வந்தது 750 என்பதால் அதையே எழுதிவிட்டு, 250-க்கு வரவும் கேட்பவர் ஒரே பணத்துக்கு இரண்டு சலுகை கேட்கிறார். இதில் இருந்த சந்தேகத்தை அடைக்க 2024-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் பிரிவு 198-ஐத் திருத்தியது. வரவு கோரும் வெளிநாட்டு டி.டி.எஸ்.ஸும் பெற்ற வருமானமாகவே கருதப்படும். டிவிடெண்டைக் கையில் வாங்காமல் அதே பங்கில் மறுமுதலீடு செய்யும்படி தரகு நிறுவனத்திடம் சொல்லி வைத்திருந்தாலும் அது வருமானமே.

எந்த மாற்று விகிதத்தில்? அன்றைய செய்தித்தாளில் வந்த விலையில் அல்ல. பாரத ஸ்டேட் வங்கி டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபரில் அந்நியச் செலாவணியை வாங்கும் விகிதமான டி.டி. பையிங் ரேட்தான் அளவு. வருமானத்துக்கு விதி 115-உம் வரிக்கு விதி 128-உம் தேதியைச் சொல்கின்றன. டிவிடெண்ட் வந்த மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். ஆப்பிள் கம்பெனி பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் டிவிடெண்ட் கொடுக்கிறது. மே மாதம் வந்த டிவிடெண்டுக்கும் அதில் பிடித்த வரிக்கும் ஏப்ரல் 30-ஆம் தேதி விகிதம். ஆகஸ்ட் டிவிடெண்டுக்கு ஜூலை 31. ஆண்டில் நான்கு டிவிடெண்ட் என்றால் நான்கு விகிதம். வைத்திருக்கும் கம்பெனிகள் பத்து என்றால் எக்செல் தாள் நீளும். ஆண்டு முழுதுக்கும் ஒரே சராசரி விகிதத்தைப் போட்டுவிடுவது வசதி. விதி அதை அனுமதிக்கவில்லை.

எந்த ஆண்டில்? அமெரிக்காவின் வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. இந்தியாவுக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. தரகு நிறுவனம் மார்ச் மாதவாக்கில் தரும் 1042-எஸ் படிவம் முந்தைய காலண்டர் ஆண்டு முழுதையும் ஒரே தொகையாகச் சொல்லும். அதை அப்படியே இந்திய ரிட்டர்னில் ஏற்றினால் முதல் மூன்று மாத டிவிடெண்ட் தவறான ஆண்டில் விழும். 2025 பிப்ரவரியில் வந்த டிவிடெண்ட் இந்தியாவில் 2024-25 நிதியாண்டுக்கு உரியது. அமெரிக்கப் படிவத்திலோ 2025-ஆம் ஆண்டில் வரும், கைக்கு வருவது 2026 மார்ச்சில். அதற்குள் இந்திய ரிட்டர்னின் கெடு முடிந்து பல மாதங்கள் ஆகியிருக்கும். என்ன செய்வது? தரகு நிறுவனத்தின் மாதாந்திரக் கணக்கு அறிக்கைகளை எடுத்து, ஒவ்வொரு டிவிடெண்டாகப் பிரிக்க வேண்டும். வரி பிடிக்கப்பட்டதற்கான அத்தாட்சியும் அவையே. அயல்நாட்டு வரித்துறையின் சான்றிதழ்தான் வேண்டும் என்று விதி கேட்கவில்லை. வரி பிடித்தவரின் சான்றிதழ் செல்லும். அல்லது வரி செலுத்துவோரே கையெழுத்திட்ட அறிக்கையோடு வரி பிடிக்கப்பட்டதற்கான ஆதாரத்தை இணைத்தாலும் செல்லும்.

ரிட்டர்னில் இந்த வருமானம் எங்கெல்லாம் தலைகாட்ட வேண்டும்? எளிய ஐ.டி.ஆர்.-1 படிவம் இதற்குப் பொருந்தாது. தொழில் வருமானம் இல்லாதவருக்கு ஐ.டி.ஆர்.-2. இதர வருமானத்தில் டிவிடெண்ட் வரும். எஃப்.எஸ்.ஐ. அட்டவணையில் நாடுவாரியாக வருமானமும் அங்கே கட்டிய வரியும். டி.ஆர். அட்டவணையில் கோரும் நிவாரணத்தின் தொகுப்பு. எஃப்.ஏ. அட்டவணையில் வெளிநாட்டுச் சொத்து விவரம். இந்தக் கடைசி அட்டவணை மட்டும் காலண்டர் ஆண்டுக் கணக்கில் போகும் என்பது கூடுதல் குழப்பம். அதைக் காட்டாமல் விட்டால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகலாம். அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்தின் மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாதவருக்கு 2024 அக்டோபர் முதல் இந்த அபராதத்திலிருந்து விலக்கு உண்டு. விலக்கு அபராதத்துக்குத்தான், அட்டவணையை நிரப்புவதற்கு அல்ல.

இவற்றோடு படிவம் 67. வருமான வரி இணையதளத்தில் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டிய படிவம் இது. எந்த நாடு, என்ன வருமானம், எவ்வளவு வரி, ஒப்பந்தத்தின் எந்த ஷரத்து, எவ்வளவு வரவு என்ற விவரங்கள் அதில் போகும். தொடக்கத்தில் ரிட்டர்னுக்கான கெடு தேதிக்குள்ளேயே இதையும் கொடுத்தாக வேண்டும் என்று விதி இருந்தது. ரிட்டர்னை ஒழுங்காகப் போட்டுவிட்டு இந்தப் படிவத்தைச் சில நாள் தாமதித்த ஆயிரமாயிரம் பேருக்கு, பெங்களூருவிலுள்ள வருமான வரித்துறையின் கணினி மையம் வரவை அப்படியே மறுத்து வரி நோட்டீஸ் அனுப்பியது. வரி கட்டியது உண்மை, வருமானம் காட்டியது உண்மை, ஒரு படிவம் தாமதம் என்பதற்காக ஒப்பந்தம் தந்த உரிமை போய்விடுமா? வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் அமர்வுகள் இரு கூறாயின. பெங்களூரு அமர்வு, படிவம் நடைமுறைக்கானது, உரிமையைப் பறிக்காது என்றது. விசாகப்பட்டினம் அமர்வு, கட்டாயமே என்றது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம், ரிட்டர்னுக்குப் பிறகு தாமதமாகப் படிவம் 67 கொடுத்த ஒருவரின் வழக்கில், அந்தக் கெடு வழிகாட்டும் தன்மையதே என்று தீர்ப்பளித்து வரவைக் கொடுக்கச் சொன்னது.

அதற்கு முன்பே, 2022 ஆகஸ்டில் அரசும் விதியைத் தளர்த்திவிட்டது. ரிட்டர்ன் உரிய கெடுவிலோ, தாமத ரிட்டர்னுக்கான கெடுவிலோ தாக்கலாகியிருந்தால், படிவம் 67-ஐ மதிப்பீட்டு ஆண்டு முடிவதற்குள், அதாவது மார்ச் 31-க்குள் கொடுக்கலாம். கெடு தளர்ந்தாலும் ரிட்டர்னுக்கு முன்பே படிவத்தைக் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். கணினி மையம் ரிட்டர்னை அலசும்போது படிவம் அங்கே இல்லையென்றால், வரவு மறுக்கப்பட்டுத் திருத்த மனு, மேல்முறையீடு என்று அலைச்சல் தொடங்கும். சட்டம் நம் பக்கம் இருந்தாலும் அலைச்சல் அலைச்சல்தான்.

அயல்நாட்டு வரியே வழக்கில் இருந்தால், அந்தத் தொகைக்கு அப்போதைக்கு வரவு இல்லை. வழக்கு முடிந்த மாதத்தின் முடிவிலிருந்து ஆறு மாதத்துக்குள், முடிந்ததற்கும் கட்டியதற்கும் ஆதாரத்தோடு, திரும்பக் கேட்கப்போவதில்லை என்ற உறுதிமொழியும் கொடுத்தால் பழைய ஆண்டுக்கே வரவு கிடைக்கும்.

இதுவரை சென்னையில் இருந்து அமெரிக்காவைப் பார்த்த பார்வை. அமெரிக்காவில் இருந்து சென்னையைப் பார்த்தால் என்ன தெரியும்? நியூஜெர்சியில் கிரீன் கார்டோடு குடியிருப்பவருக்குக் காரைக்குடி வங்கிக் கிளையில் ஒரு என்.ஆர்.ஓ. டெபாசிட் இருக்கிறது, அதாவது வெளிநாட்டில் குடியிருப்பவர் தன் இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கும் கணக்கு. வட்டியில் வங்கி 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடிக்கிறது. அமெரிக்கா அந்த வட்டிக்கும் வரி கேட்கிறது. அங்கே வரவு கோரும் படிவம் 1116. வட்டியும் டிவிடெண்டும் அதில் செயலற்ற வருமானம் என்ற ஒரே கூடையில் போகும். பல நாடுகளின் வரியும் அந்தக் கூடைக்குள் கலந்து சராசரியாகும். இந்தியா நாடுவாரியாகப் பிரிக்கிறது, அமெரிக்கா வகைவாரியாகச் சேர்க்கிறது.

ஆனால் 31.2-க்கும் வரவு கிடைக்குமா? ஒப்பந்தத்தின் 11-ஆம் ஷரத்துப்படி வட்டிக்கு இந்தியா எடுக்கக்கூடியது 15 சதவீதம். அதற்கு மேல் பிடித்தது, இந்தியாவில் கேட்டால் திரும்பக் கிடைக்கக்கூடிய பணம். திரும்பக் கிடைக்கக்கூடியதைக் கேட்காமல் விட்டால், அது கட்டாயமாகக் கட்டிய வரி அல்ல என்பது அமெரிக்க விதி. அதற்கு வரவு இல்லை. ஆகவே நியூஜெர்சிக்காரர் அமெரிக்க வரித்துறையிடம் குடியிருப்புச் சான்றிதழ் வாங்கி, இந்திய இணையதளத்தில் படிவம் 10எஃப் கொடுத்து, வங்கியிலேயே 15 சதவீதம் பிடிக்கச் சொல்ல வேண்டும்; அல்லது இந்திய ரிட்டர்ன் போட்டு மிச்சத்தை ரீஃபண்டாக வாங்க வேண்டும். சென்னைக்காரருக்கு டபிள்யூ-8பென் என்ன வேலை செய்கிறதோ, இவருக்குப் படிவம் 10எஃப் அந்த வேலையைச் செய்கிறது.

இரண்டு இடங்களில் அமெரிக்கச் சட்டம் தாராளம். சொத்தில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பங்குகளாக வைத்திருக்கும் அமெரிக்க ஃபண்ட், தான் கட்டிய அயல்நாட்டு வரியை முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஆண்டறிக்கைப் படிவமான 1099-இல் அவரவர் பங்கு அச்சாகி வரும், அவரவர் வரவு கோரலாம். இந்திய ஃபண்டில் இல்லாத வசதி இது. மற்றது, பயன்படுத்த முடியாத மிச்ச வரவை அமெரிக்காவில் ஓராண்டு பின்னோக்கியும் பத்தாண்டு முன்னோக்கியும் கொண்டுபோகலாம். ஓ.எம்.ஆர். ஊழியருக்கு மார்ச் 31-உடன் மறைந்துபோகும் 7,106 ரூபாய் போன்ற ஒரு மிச்சம், நியூஜெர்சிக்காரருக்குப் பத்தாண்டு உயிரோடு இருக்கும்.

வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போட்டு வைக்கும் என்.ஆர்.இ. டெபாசிட்டும் அவருக்கு இருந்தால், அதன் வட்டிக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. இந்தியாவில் அதற்கு வரி விலக்கு. அமெரிக்காவில் முழு வரி. இந்தியாவில் ஒன்றும் கட்டாததால் படிவம் 1116-இல் எழுதவும் ஒன்றுமில்லை. வட்டியை மட்டும் அமெரிக்க ரிட்டர்னில் தவறாமல் காட்டி, வரியை அங்கேயே கட்ட வேண்டும்.